கும்பிடுகிற விதம்: பக்தியும் சுபாவமும் மனநலமும்

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2002ஆம் ஆண்டு ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆர். ரகுராமும் அவருடைய சகாக்களும் எழுதியது. களம் தமிழ்நாடுதான்: வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில். புத்தி பேதலித்தவர்களை அங்கே கூட்டிவந்து சில வாரங்கள் தங்கவைப்பது வழக்கம். அப்படி அடுத்தடுத்து வந்து தங்கிய 31 பேரை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பெரும்பாலானோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள்; மருந்து மாத்திரை கிடையாது. வந்தபோதும் கிளம்பியபோதும் நோய்க்குறிகளின் கடுமையை ஒரே அளவுகோலால் அளந்து பார்த்ததில், கிட்டத்தட்ட 20 விழுக்காடு தணிந்திருந்தது. பல மனநோய் மருந்துகள் தரும் பலனுக்கு இது ஈடானது என்று கட்டுரை சொன்னது.

அந்தக் கோயிலில் என்னதான் நடந்தது? நோய்க்கென்று தனிச் சடங்கு எதுவும் இல்லை. காலையில் சின்னதாக ஒரு பூசை. பிறகு வளாகத்தைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள். துணைக்கு வீட்டிலிருந்து வந்த ஒருவர். குணமாக்கும் சக்தி பூசாரியிடம் இல்லை, அந்த இடத்திலேயே இருக்கிறது என்பது வருவோரின் நம்பிக்கை. மிரட்டாத, விலக்கிவைக்காத ஒரு சூழல். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு என்பதால் இதை வைத்துக் கோயில் குணமாக்கும் என்று நிறுவிவிட முடியாது. மனச்சிதைவின் கடுமை தானாகவே ஏறி இறங்கக்கூடியது. மிக மோசமான கட்டத்தில்தான் யாரையும் கோயிலுக்குக் கொண்டுவருகிறார்கள், அதன்பின் சற்றே இறங்குவது இயல்பு. இவ்வளவையும் கழித்த பிறகும் ஏதோ மிஞ்சுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தக் கட்டுரை வருவதற்கு ஓராண்டு முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எரிந்தது தர்கா அல்ல. தர்காவை நம்பி வரும் குடும்பங்களை நம்பிப் பிழைத்த விடுதிகளில் ஒன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 95ஆம் பிரிவில் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்திருக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் ஏர்வாடியின் நிழல் இருக்கிறது.

இரண்டு இடங்களுக்கும் மனிதர்களை இழுத்துவந்தது ஒரே வகை நம்பிக்கைதான். அதனால் பக்தி மனதுக்கு நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத் தலைப்பு எனக்கு அலுப்பூட்டுகிறது. புள்ளிவிவரங்களும் அந்தத் தலைப்புக்கு ஒத்துழைப்பதில்லை. திமோதி ஸ்மித், மைக்கேல் மெக்கலோ, ஜஸ்டின் போல் மூவரும் 2003இல் 147 ஆய்வுகளைத் திரட்டி, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மத ஈடுபாட்டுக்கும் மனச்சோர்வுக்கும் இடையிலான ஒட்டுறவு எண் மைனஸ் 0.096. ஈடுபாடு கூடினால் சோர்வு கொஞ்சம் குறைகிறது என்று இதற்குப் பொருள். அந்தக் கொஞ்சம் மிகமிகக் கொஞ்சம்: மனிதருக்கு மனிதர் சோர்வு வேறுபடுவதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இது விளக்காது. ஆனால் அதே ஆய்வின் உள்ளே போனால் விஷயம் சூடு பிடிக்கிறது. பெரும் இழப்பு, நோய் என்று நெருக்கடியில் இருப்பவர்களிடம் இந்தப் பாதுகாப்பு கூடுதலாகத் தெரிந்தது. ஊருக்காகவும் லாபத்துக்காகவும் மதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களிடமும், கடவுள் தண்டிக்கிறார் என்று தவிப்பவர்களிடமும் திசையே மாறியது. அங்கே மதமும் மனச்சோர்வும் சேர்ந்தே ஏறின. நேரெதிர் திசையில் இழுக்கும் இரண்டைக் கூட்டிச் சராசரி எடுத்தால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு எண்தான் கிடைக்கும்.

ஊருக்காகக் கும்பிடுவது, உள்ளத்துக்காகக் கும்பிடுவது என்ற பிரிவினையை உளவியலில் அளவுகோலாக்கியவர் ஹார்வர்டின் கார்டன் ஆல்போர்ட். 1967இல் மைக்கேல் ராஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், மதத்தைப் பயன்படுத்துபவர், மதத்தை வாழ்பவர் என்று ஆட்களைப் பிரித்தார். அவர் விளக்க முயன்றது இனவெறியைத்தான். தேவாலயத்துக்குப் போகிறவர்களிடம் கருப்பர் மீதான வெறுப்பு ஏன் கூடுதலாக இருக்கிறது என்பது அவருடைய கேள்வி. இதே ஆல்போர்ட்தான் 1936இல் ஹென்றி ஆட்பர்ட்டுடன் ஆங்கில அகராதியைச் சலித்து, மனித சுபாவத்தைக் குறிக்கும் கிட்டத்தட்ட 18,000 சொற்களைப் பட்டியலிட்டவர். ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பகுக்கும் இன்றைய மாதிரி அந்தப் பட்டியலிலிருந்து கிளைத்தது: புதுமை நாட்டம், கடமையுணர்வு, புறமுகத் தன்மை, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை. பக்தியையும் சுபாவத்தையும் ஆராய்ந்த இந்த மனிதர், இரண்டையும் இணைக்கும் வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுப் போனார்.

அந்த வேலையைப் பெல்ஜியத்தின் வாசிலிஸ் சரோக்லு செய்தார். 2010இல் அவர் 19 நாடுகளிலிருந்து 71 மாதிரிகளைத் தொகுத்தார். மொத்தம் 21,000 பேருக்கு மேல். மத ஈடுபாடு உள்ளவர்களிடம் இணக்கமும் கடமையுணர்வும் சற்றே கூடுதல். நிறுவன மதத்துக்கு வெளியே ஆன்மிகம் தேடுபவர்களிடம் புதுமை நாட்டமும் சேர்ந்துகொள்கிறது. அடிப்படைவாதிகளிடம் அது குறைகிறது. இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. எதிர்பாராதது, கலங்கும் தன்மைக்கும் மத ஈடுபாட்டுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே தென்படாதது. பயந்தவன்தான் கோயிலுக்குப் போகிறான் என்ற நம்முடைய பகுத்தறிவு மேடைப் பேச்சுக்கு இது ஒத்துவரவில்லை. கடவுளை நம்பினால் மனம் கலங்காது என்ற கதாகாலட்சேபத்துக்கும் ஒத்துவரவில்லை.

எளிதில் கலங்கும் சுபாவம் என்று இங்கே சொல்வது கோழைத்தனத்தை அல்ல. ஒரு வார்த்தையை நாள் முழுக்க மனதில் உருட்டிக்கொண்டிருப்பது, நடக்காததை நினைத்துத் தூக்கம் கெடுவது, பிறர் முகம் சற்றுச் சுளித்தாலும் தன் தப்போ என்று தேடுவது. மனச்சோர்வு, பதற்ற நோய்கள் பலவற்றுக்கும் முன்னறிகுறியாக நிற்கும் பண்பு இது. இந்தப் பண்பு ஒருவரைக் கோயிலுக்கு அனுப்புவதுமில்லை, கோயிலிலிருந்து தடுப்பதுமில்லை. போன பிறகு அவர் சந்திக்கும் கடவுளின் முகத்தை மாற்றிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதும் அதுவே. ஒருவர் எவ்வளவு கும்பிடுகிறார் என்பது அவர் மனநலத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. அவர் கும்பிடும் தெய்வம் இப்போது அவரிடம் எப்படி நடந்துகொள்வதாக அவர் உணர்கிறார் என்பது சொல்லும். அந்த உணர்வில் பாதி சாத்திரத்திலிருந்து வருவது, பாதி சுபாவத்திலிருந்து வருவது.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்காமென்ட் நெருக்கடியில் மதத்தைக் கையாளும் வழிகளை இரண்டு வகையாக்கினார். கடவுள் துணைநிற்கிறார், நானும் என்னால் ஆனதைச் செய்கிறேன் என்பது ஒன்று. கடவுள் கைவிட்டார், தண்டிக்கிறார், இது சாத்தானின் வேலை என்பது மற்றொன்று. 2001இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 55 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 600 நோயாளிகளை இரண்டாண்டுகள் பின்தொடர்ந்தது. உடல்நலம், மனநலம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், கடவுள் என்னைக் கைவிட்டாரோ என்று தவித்தவர்கள் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மருந்துச்சீட்டில் எழுதப்படாத ஒன்று மரணக் கணக்கில் வந்து நின்றது.

ஆனால் இந்தத் தவிப்பை அளக்கப் பார்காமென்ட் பயன்படுத்தும் அளவுகோலை அப்படியே தமிழில் கொண்டுவந்து வைத்தால் சிக்கல். நான் என்ன செய்தேன் என்று கடவுள் என்னைத் தண்டிக்கிறார் என யோசித்தீர்களா என்பது போன்ற கேள்வி அதில் உண்டு. பஸ் தவறிப்போனதற்கே அப்படிச் சொல்லும் ஊர் நம்முடையது. இன்னொரு சிக்கல் ஆழமானது. கடவுளைக் கோபித்துக்கொள்வது மேற்கத்திய அளவுகோலில் பெரும்பாலும் தத்தளிப்பின் அறிகுறி. இங்கே அது பக்தியின் ஒரு வழி. சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிக் கிளம்பியதும் அவருக்கு இரண்டு கண்ணும் போகிறது. வழிநெடுக அவர் சிவனை ஏசிக்கொண்டே போகிறார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். பெரிய புராணம் இந்தச் சண்டையைக் குறையாகப் பார்க்கவில்லை. வன்தொண்டர் என்பது அவருக்குப் பட்டப்பெயரே ஆயிற்று. திட்டிக்கொண்டே இருப்பவர் எதிரில் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறார். உறவு அறுந்துவிடவில்லை. கவலைப்பட வேண்டியது, திட்டுவதையும் நிறுத்தி, எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று ஒதுங்கிக்கொள்பவரைப் பற்றி. வினாத்தாளின் ஒரே கட்டத்தில் இருவரும் ஒரே மாதிரி டிக் அடிப்பார்கள்.

ஆன்மிகத்தை அளப்பதில் இதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. பல ஆன்மிக வினாத்தாள்களில் மன அமைதி இருக்கிறதா, வாழ்க்கைக்கு அர்த்தம் தெரிகிறதா என்ற கேள்விகளே ஆன்மிகத்தின் அளவாக வைக்கப்பட்டிருக்கின்றன. பிறகு ஆன்மிகம் கூடினால் மனநலம் கூடுகிறது என்று முடிவு எழுதுகிறார்கள். மன அமைதி உள்ளவருக்கு மன அமைதி உண்டு என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி நிதி வேண்டியதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் கோனிக், மதத்தின் நன்மைகளைப் பற்றி நிறைய எழுதியவர், இந்தக் குறையை 2008இல் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். சத்துவம், ரஜஸ், தமஸ் என்ற முக்குணத்தை வைத்து இந்திய மரபில் உருவாக்கப்பட்ட வினாத்தாள்களும் இதே பள்ளத்தில்தான் விழுகின்றன. சத்துவம் என்ற பெயரில் எல்லா நல்ல குணங்களையும் சேர்த்துவிட்டால் அது நலத்தோடு பொருந்தாமல் வேறெங்கே போகும்? இந்தக் கலப்படம் இல்லாத தரவு வேறு மாதிரிப் பேசுகிறது. மைக்கேல் கிங்கும் சகாக்களும் இங்கிலாந்தில் 7,403 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு 2013இல் வெளிவந்தது. மதம் இல்லை ஆனால் ஆன்மிகம் உண்டு என்று சொன்னவர்களுக்கே பதற்ற நோய், போதைப் பழக்கம், உணவுக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. ஆன்மிகம் அவர்களைக் கெடுத்ததா, கலங்கியவர்கள் ஆன்மிகம் தேடினார்களா என்பதை ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பால் பிரித்துச் சொல்ல முடியாது.

சுபாவம் எப்படிக் குறுக்கே வருகிறது என்பதற்கு ராபர்ட் க்ளோனிங்கரின் மாதிரி நல்ல உதாரணம். 1990களில் அவர் வகுத்த ஆளுமைச் சட்டகத்தில், தன்னைக் கடந்த ஒன்றோடு கரைந்துபோகும் போக்கை ஒரு தனிப் பண்பாகவே சேர்த்தார். அந்தப் பண்பு தனித்து நின்றால் நல்லதுமில்லை கெட்டதுமில்லை. தன் வாழ்வைத் தானே நடத்தும் திறனும் பிறரோடு ஒத்துப்போகும் திறனும் கூட இருந்தால் அது படைப்பூக்கமாகிறது. இரண்டும் குறைந்த இடத்தில் அதுவே நிஜத்திலிருந்து நழுவும் போக்காகத் தெரிகிறது. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டியதில்லை. கோயில் கொடையில் சாமியாடுகிறவர் மறுநாள் காலை வயலுக்கோ கடைக்கோ போய்விடுவார். அவர் மேல் இறங்கும் தெய்வம் எது, எப்போது வரும், என்ன கேட்கும், எப்படி மலையேறும் என்று ஊருக்கே தெரியும். இன்னொருவருக்கு நேரங்காலமில்லாமல் குரல் கேட்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, அம்மாவையே விஷம் வைப்பதாகச் சந்தேகிக்கிறார். அது சாமி அல்ல என்று பல சமயம் பூசாரிக்கே முதலில் தெரிந்துவிடும். குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய தவா-துவா (மருந்தும் பிரார்த்தனையும்) திட்டம் இந்த அறிவைத்தான் பயன்படுத்திக்கொண்டது. துவா ஓதும் முஜாவர்களுக்கு மனநோயின் அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஓதி முடித்த கையோடு அவர்களே தர்கா வளாகத்தில் இருக்கும் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்.

இனி ஆலோசனை அறைக்கு வருவோம். அங்கே இரண்டு தவறுகள் மாறி மாறி நடக்கின்றன. மதத்தைத் தொடக்கூடாத விஷயமாக நினைத்து ஒதுக்குவது ஒன்று. படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் ஒரு சொல்லை எழுதியதோடு விசாரணை முடிந்துவிடும். தானே உபதேசம் செய்யக் கிளம்புவது மற்றொன்று: தியானம் பண்ணுங்க, நம்பிக்கை வைங்க, பரிகாரம் செஞ்சீங்களா. உலக மனநல மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட நிலைப்பாடு இரண்டையும் ஏற்கவில்லை. நோயாளியின் ஆன்மிகத்தைப் பற்றிக் கேட்பது வழக்கமான விசாரணையின் பகுதியாக இருக்க வேண்டும். தன் நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ அவர்மேல் திணிக்கக் கூடாது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் வித்தை. "கடவுள் நம்பிக்கை உண்டா?" என்றால் "உண்டு சார்" என்ற பதிலோடு கதவு சாத்திக்கொள்ளும். "கஷ்டம் வந்தா யார்கிட்ட சொல்லுவீங்க? சாமிகிட்ட பேசுறதுண்டா? முன்ன பேசின மாதிரி இப்பவும் பேசுறீங்களா?" என்று கேட்டால் வேறு கதை வரும். "விளக்கு ஏத்துறதை விட்டு ஆறு மாசம் ஆச்சு, அவர் முகத்தைப் பாக்கவே பயமா இருக்கு" என்று ஒருவர் சொல்வாரென்றால், அந்த ஒரு வாக்கியத்தில் குற்றவுணர்வு, தனிமை, மனச்சோர்வு தொடங்கிய காலம் மூன்றும் அடங்கிவிட்டன. அதன் பிறகு சுபாவத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். இவர் எப்போதுமே தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்பவரா, அல்லது இந்தச் சோர்வு வந்த பிறகுதான் இப்படியா? முதல் வகையானால் தண்டிக்கும் கடவுள் பழைய குடித்தனக்காரர். இரண்டாம் வகையானால் நோயோடு வந்தவர், நோய் தணிந்தால் போய்விடவும் கூடும்.

சுபாவத்தை மாற்ற முடியாது, கூடப்பிறந்தது என்பது நம் பொதுக்கருத்து. அதிலும் சற்றுத் தளர்வு வந்திருக்கிறது. பிரென்ட் ராபர்ட்ஸும் சகாக்களும் 2017இல் 207 ஆய்வுகளைத் தொகுத்ததில், சராசரியாக 24 வாரச் சிகிச்சையில் ஆளுமைப் பண்புகள் அளக்கத்தக்க அளவு நகர்ந்திருந்தன. அதிகம் நகர்ந்தது கலங்கும் தன்மைதான். அது குறையும்போது கடவுளின் முகமும் சாந்தமாகிறதா என்பதை ஆலோசகர்கள் தங்கள் அறையில் கவனித்துப் பார்க்கலாம். சாமியைப் பற்றி எதுவுமே பேசாமல் சாமியோடு உள்ள உறவு சீராகிவிடுவதும் நடக்கக்கூடியதே.

நம்பிக்கை இல்லாத ஆலோசகர் இதைக் கையாள முடியுமா? ரெபெக்கா ப்ராப்ஸ்ட் 1992இல் வெளியிட்ட பரிசோதனை இதற்குச் சுவையான பதில் தந்தது. மனச்சோர்வுற்ற கிறிஸ்தவ விசுவாசிகளுக்கு, அவர்களுடைய மத வாதங்களையும் படிமங்களையும் கொண்டே அறிவு-நடத்தைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அதை அளித்தவர்களில் சிலர் மதநம்பிக்கை இல்லாதவர்கள். அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்கள்தான் மிகுந்த முன்னேற்றம் கண்டார்கள். கோனிக் குழு 2015இல் 132 பேரிடம் செய்த பரிசோதனையில் மதம் சார்ந்த சிகிச்சையும் வழக்கமான சிகிச்சையும் மொத்தத்தில் சமமாகவே வந்தன; ஆழ்ந்த பக்தர்களுக்கு மட்டும் முதலாவது சற்றுக் கூடுதலாகப் பலித்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதே தர்க்கத்தில்தான் இயங்கினார். குண்டுவீச்சாலும் இழப்பாலும் தூக்கமிழந்தவர்களுக்கு அவர் சொன்ன தளர்வுப் பயிற்சியில், சைவருக்கு மந்திர ஜெபம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிமுக்குத் திக்ர் என்று அவரவருக்குப் பழகிய சொல்லே மருந்தானது. சிறுவயதிலிருந்து நாவில் இருக்கும் சொல் என்பதால் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஜெபம் இன்னொருவருக்கு நோயாகவே இருக்கக்கூடும். எண்ணச் சுழற்சி நோயில் மதம் புகுந்துகொள்ளும் வகை ஒன்று உண்டு. இத்தகையவர்களின் காலை ஏறக்குறைய இப்படித்தான் போகும்: குளித்துவிட்டுப் பூசை அறையில் உட்கார்ந்து சுலோகம் சொல்ல ஆரம்பிக்கிறார். பாதியில் தெய்வத்தைப் பற்றி ஓர் ஆபாச எண்ணம் மின்னி மறைகிறது. சொன்னது தீட்டாகிவிட்டது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மறுபடியும் அதே இடத்தில் அதே எண்ணம். எழுந்து போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறார். வேட்டி ஈரம் வாசல்படியில் பட்டதோ என்று சந்தேகம், இன்னொரு குளியல். அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம். வீட்டாருக்கு இது நோயாகத் தெரிவதில்லை. அவ்வளவு ஆசாரம் என்று பெருமையாகக்கூடச் சொல்வார்கள். கடமையுணர்வும் கலங்கும் தன்மையும் சேர்ந்து அமைந்த சுபாவத்தில் பக்தி இப்படி முறுக்கிக்கொள்வதுண்டு. இவரிடம் போய் இன்னும் நூற்றெட்டு முறை ஜெபியுங்கள் என்று சொல்வது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது.

இவருக்கான சிகிச்சை முறையில் ஒரு கட்டத்துக்குமேல் வாதம் உதவாது. பழக்கத்தைத்தான் உடைக்க வேண்டும். ஒருமுறை குளியல், ஒருமுறை சுலோகம். நடுவே எந்த எண்ணம் வந்தாலும் வரட்டும், நிறுத்தாமல், திருப்பிச் சொல்லாமல் முடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். பதற்றம் முதலில் உச்சிக்கு ஏறும், பிறகு தானாக இறங்கும் என்பதை அவர் தன் உடம்பிலேயே பார்க்க வேண்டும். சாத்திரம் உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்று அவர் மதிக்கும் ஒரு பெரியவர் வாயால் ஒருமுறை சொல்லக் கேட்பது பலமாக இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்டால் அந்தக் கேள்வியே இன்னொரு சடங்காகிவிடும், அதற்கும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சில வாரங்களில் அவர் பூசையைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு நேரத்துக்கு வேலைக்குக் கிளம்பத் தொடங்கும்போது, பிள்ளைக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று வீட்டில் யாராவது கவலைப்படுவார்கள். அவர்களோடும் ஓர் அமர்வு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.